சக்கரக் கப்பலும் முதல் வாய்ச் சோறும்

செம்புக் காசை நாக்குக்கு அடியில் அடக்கி வைத்தது போல ஒரு ருசி. என் நோய் அப்படித்தான் தொடங்கியது. பல் துலக்கினாலும் போகாது, வெற்றிலை போட்டாலும் போகாது. வெயில் காலத்துப் பித்தம் என்று விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவர்கள், பழைய பேட்டரி பிரிக்கிறவர்கள், பெயிண்ட் சுரண்டுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். மற்றவர்கள் படித்துவிட்டு ஐயோ பாவம் என்று சொல்ல வேண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன். சின்ன வயதிலேயே பர்மாவுக்குப் போய், ஐராவதி ஆற்றில் ஓடிய சக்கரக் கப்பலில் எண்ணெய் விடும் வேலை பார்த்தவன். சக்கரக் கப்பலுக்குப் பின்னால் தண்ணீர் தள்ளும் விசிறி கிடையாது. இரண்டு விலாவிலும் பெரிய சக்கரம், சக்கரம் முழுக்கப் பலகை. பலகை தண்ணீரைத் தள்ளத் தள்ளக் கப்பல் நகரும். யுத்தத்தில் கால்நடையாகத் திரும்பினேன். சுதந்திரம் வந்த மறு வருஷம் ஆலங்குடியில் ரேடியோக் கடை போட்டேன். எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தே கற்றேன். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் மைக் செட் என் கடையிலிருந்துதான் போகும். ஒன்றுகூட நடுவில் நின்றதில்லை.

அப்படிப்பட்டவனைப் பார்த்து அரிசி மில் முதலாளி ஒருநாள் கடை வாசலில் நின்று சொன்னார்: "என்ன இருந்தாலும் நீ வெள்ளைக்காரன் செஞ்சதைத் தொடச்சு மாட்டுறவன் தானப்பா. சொந்தமா ஒண்ணு செய்வியா?"

"செய்வேன். கயிறு இல்லாம, கம்பி இல்லாம, கரையில நின்னு ரேடியோவாலயே கப்பல் ஓட்டிக் காட்டுறேன். நம்ம ஊர்க் குளத்துல. வந்து பாருங்க" என்றேன்.

வேறு எந்தக் கப்பல் செய்வேன்? என் கண்ணுக்குள் இருந்தது ஒரே கப்பல்தான்.

மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தட்டி உடம்பு செய்தேன். மூன்றரை அடி நீளம். உடைந்த காரிலிருந்து வைப்பர் மோட்டார் எடுத்துச் சக்கரங்களுக்கு வைத்தேன். உள்ளே ஒற்றை வால்வில் ஒரு ரேடியோ, அது போடும் அணைக்கும் ஒரு சுவிட்ச், முறுக்கிய ரப்பரில் திரும்பும் சுக்கான். கரையில் என் கையில் இன்னொரு பெட்டி. அதிலுள்ள பட்டனை ஒரு அமுக்கு அமுக்கினால் இடது, இரண்டு அமுக்கினால் வலது. படம் பார்த்துச் செய்யவில்லை. என் மண்டையிலிருந்து செய்தேன்.

சக்கரப் பலகைகளில் ஒவ்வொன்றையும் பற்றவைக்க வேண்டும். ஒரு கையில் தகரம், ஒரு கையில் சால்டரிங் இரும்பு. ஈயக் கம்பியை எங்கே பிடிப்பது? பல்லில். கம்பியைக் கடித்தபடி குனிந்தால் நுனி சரியாக இடத்தில் வந்து நிற்கும். பதினைந்து வருஷமாக அதுதான் என் மூன்றாவது கை.

கப்பலைத் தண்ணீரில் விட்டபோது சக்கரம் காற்றைத்தான் அடித்தது. தகரம் அவ்வளவு லேசு. அடியில் கனம் வேண்டும். பழைய கார் பேட்டரிகளைப் பிரித்து, அதிலுள்ள ஈயத் தகடுகளை இரும்புச் சட்டியில் உருக்கி வார்த்தேன். கனம் கூடினால் சக்கரம் முங்கித் திணறும். குறைத்தால் மறுபடியும் காற்று. அரத்தால் ராவுவேன், மறுபடி உருக்குவேன். அடிப்பக்கத்துக்குச் செந்நிற ஈயப் பொடியைக் குழைத்துப் பூசினேன். இதெல்லாம் கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில். எவனும் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது என்று சன்னலுக்குச் சாக்கு கட்டியிருந்தேன். சாப்பாடும் அதே மேசையில்தான்.

சாப்பாடு கொண்டுவருகிறவள் என் மனைவி அழகம்மாள். ஒருநாள் வாசலிலேயே நின்று, "என்னங்க இது, உள்ள வந்தா தொண்டை கமறுது. கதவையாவது தொறந்து வைங்க" என்றாள்.

"உனக்கென்ன தெரியும்? வச்சுட்டுப் போ" என்றேன்.

அந்த மாதமே வயிற்றுவலி வந்தது. குடலை முறுக்கிப் பிழிந்து கொடியில் போடுவது போன்ற வலி. நாலு நாள், ஐந்து நாள் வெளிக்குப் போகாது. முகம் வெளுத்துவிட்டது. உள்ளூர் டாக்டர் குடல்புண் என்று மிக்சர் கொடுத்தார். பால் குடிக்கச் சொன்னார். குடித்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர் என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார்: "அண்ணே, தப்பா எடுக்காதீங்க. எதுக்கும் வீட்டுச் சாப்பாட்டைக் கவனிங்க. யாரோ மருந்து வச்சிருக்காங்க."

இடுமருந்து என்பது எங்கள் பக்கத்தில் பெரிய பயம். புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளவோ, ஆகாதவனை ஒழிக்கவோ சோற்றில் எதையாவது கலந்து கொடுப்பார்கள் என்பது. அதை எடுப்பதற்கென்றே ஆள் உண்டு. அப்படி ஒருவனிடம் போனேன். அவன் என் வயிற்றில் குழாய் வைத்து உறிஞ்சி, மயிரும் சாம்பலுமாக ஒரு உருண்டையைத் துப்பிக் காட்டினான். "பொம்பளை கை. வெளி ஆளு இல்லை" என்றான். அந்த உருண்டை அவன் கடைவாயில் முன்பே இருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். ரேடியோவுக்குள் ஆள் உட்கார்ந்து பாடுகிறான் என்று சொன்னவர்களைப் பார்த்துச் சிரித்தவன் நான். அன்று அவன் சொன்னதை நம்பினேன். வலி அப்படி.

சந்தை நாளில், கடைத்தெருவில், ஊரே பார்க்க அவளை நிறுத்தி, மருந்து வைத்துவிட்டாள் என்று கத்தினேன். வேறு வார்த்தைகளும் சொன்னேன். அவற்றை எழுத மாட்டேன்.

அவள் அழவில்லை. "நான் வச்சது சோறு. வேற எதையும் வைக்கலை" என்றாள். கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிறகு கிளப்புக் கடை ஹோட்டலில்தான் சாப்பாடு. வீட்டில் யாரும் இல்லை என்பதால் அந்த அறையிலேயே கிடந்தேன். வலி குறையவில்லை, கூடியது. மருந்து ரத்தத்தில் ஊறியிருக்கிறது, இறங்க நாளாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு காலையில் சால்டரிங் இரும்பை எடுத்தேன். அது தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தேன், மறுபடி விழுந்தது. வலது கை மணிக்கட்டோடு தொங்கிவிட்டது. விரலை மடக்க முடிகிறது, கையைத் தூக்க முடியவில்லை. செத்த கோழியின் கழுத்து போலத் தொங்குகிறது. அந்தக் கையால்தான் பர்மாவில் பிழைத்தேன். அந்தக் கைதான் என் கடை. அன்றைக்குத்தான் முதன்முதலில் பயந்தேன்.

தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். வந்தது ஒரு பெண் டாக்டர். என் வயதில் பாதி இருக்காது.

"வெத்தலை போடுவீங்களா?"

"போடாம இருக்க முடியுமா?"

"மூணு நாளைக்குத் தொடக் கூடாது. வாயை நல்லாத் தேச்சுக் கழுவுங்க. ஈறைப் பார்க்கணும்."

"கை தொங்குதுன்னு வந்தா வாயைப் பார்க்குறீங்களே. படிச்சுட்டுத்தான் வந்தீங்களா?"

"நீங்க படிச்சுட்டுத்தான் கேக்குறீங்களா?"

வார்டே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நாலாம் நாள் சிவப்புக் கறை போனதும் கண்ணாடியைக் கொடுத்தார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில், பேனாவால் இழுத்தது போல ஒரு கருநீலக் கோடு. ஈயக் கோடு என்றார் (உடம்பில் காரீயம் சேர்ந்தால் ஈறின் ஓரத்தில் படியும் நிறம்). ரத்தத்தையும் சோதித்துவிட்டார்கள். ரத்த அணுக்களில் புள்ளி புள்ளியாக இருந்ததாம். மணிக்கட்டு வீழ்ச்சி என்று கைக்குப் பெயர் சொன்னார் (கையை மேலே தூக்கும் நரம்பு செயலிழப்பது). இத்தனை மாதமாக அந்தக் கோடு என் வாயிலேயே இருந்திருக்கிறது. வெற்றிலைக் கறை அதை மூடிவிட்டது.

"ரேடியோ வேலைன்னீங்களே, ஈயம் எப்படிப் பத்தவைப்பீங்க? செஞ்சு காட்டுங்க."

நான் யோசிக்கவேயில்லை. ஒரு கையில் பென்சில், தொங்கிய கையில் தீப்பெட்டி. கட்டிலில் கிடந்த நூலை எடுத்துப் பல்லில் கடித்துக் குனிந்தேன்.

"போதும்" என்ற டாக்டரம்மா, கப்பல் செய்த கதை முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

நான் விடவில்லை. "ஈயச் சொம்புல ரசம் வைக்கிற ஊருங்க இது. ஈயம் ஆளைக் கொல்லும்னா ஊரே செத்திருக்கணுமே?"

"அது வெள்ளீயம். நீங்க கடிச்சது, உருக்கினது, பூசினது எல்லாம் காரீயம். புகையா மூக்குல போச்சு, பொடியா சோத்துல போச்சு." சீட்டில் எழுதிக்கொண்டே, "வீட்டுல சமையல் யாரு? அவங்களையும் சோதிக்கணும்" என்றார்.

"சம்சாரம். இப்ப இல்லை. மருந்து வச்சுட்டான்னு தொரத்திட்டேன்."

"அவங்க போனதுக்கப்புறம் வலி நின்னுச்சா?"

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"கூடுச்சா?"

மேலே சுற்றிய விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஊசி. ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள், சில நாள் விடுவார்கள், மறுபடி ஏற்றுவார்கள். எலும்பிலும் ரத்தத்திலும் ஒட்டிய ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து அது. வயிற்றுவலி பத்து நாளில் அடங்கியது. கை அடங்கவில்லை. மணிக்கட்டு தொங்காமல் சிம்பு வைத்துக் கட்டினார்கள். ஒரு நாளைக்கு நாலு வேளை சிம்பை அவிழ்த்து, கையை நேராக நிறுத்தி எண்ண வேண்டும். முதல் மாதம் ஒன்று என்று சொல்வதற்குள் விழுந்துவிடும். இந்த நோய் வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: வலி சீக்கிரம் போகும், கை சீக்கிரம் வராது. திட்டுங்கள், ஆனால் எண்ணுவதை விடாதீர்கள். அந்த இடத்துக்கும் திரும்பப் போகாதீர்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கந்தர்வக்கோட்டைக்குப் போனேன். அழகம்மாளின் அண்ணன் ராமையா முந்திரித் தோப்பில் நின்றிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"தண்ணி குடுக்கக்கூடப் பயமா இருக்கு மாப்பிள்ளை. அப்புறம் அதுல என்ன கெடந்துச்சும்பீங்க" என்றார்.

"மச்சான், தப்பு என்னோடது. நான் கடிச்ச ஈயந்தான். டாக்டர் சீட்டு இந்தா இருக்கு."

அழகம்மாள் மரத்தடியில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா காகிதம் போட்டதால் அவளையும் அண்ணன் முன்பே தஞ்சாவூர் கூட்டிப்போய்ச் சோதித்துவிட்டாராம். ஒன்றுமில்லை. சீட்டை அவள் வாங்கவில்லை.

"கடைத்தெருவுல வச்சுச் சொன்னீங்க. அதே மாதிரி ஊரு கேக்கச் சொல்லுங்க. இங்கிட்டு வந்து காதுல சொன்னா எனக்கு அது செல்லாது."

அதற்கு எட்டு மாதம் ஆனது. கப்பலின் ஈயத்தையெல்லாம் எடுத்துக் குழிவெட்டிப் புதைத்தேன். கொல்லரை வைத்து இரும்புத் துண்டு அடைத்தேன். பெட்டியின் பட்டனை இடது கைக்கு மாற்றினேன். பிறகு தண்டோரா போட்டேன். குளக்கரையில் என் மைக் செட்டையே கட்டினேன். மில் முதலாளி நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்தில் அண்ணனோடு அழகம்மாள் நின்றாள்.

மைக்கைப் பிடித்தேன். "எம் பொண்டாட்டி எனக்கு மருந்து வைக்கலை. எனக்கு விஷம் வச்சது நானேதான். என் வாயாலயே தின்னேன். அவமேல சொன்னது அத்தனையும் பொய்."

"கேக்கலையே!" என்றார் மில் முதலாளி.

என் செட் அரைமைல் கேட்கும். அது அவருக்கும் தெரியும். இன்னொரு தரம் சொன்னேன். கூட்டத்தில் எவனோ விசில் அடித்தான்.

பிறகு கப்பலை விட்டேன். இரண்டு சக்கரமும் தண்ணீரைப் பிடித்து அடித்தன. நடுக்குளம் வரை போனது. ஒரு அமுக்கு, இடது. இரண்டு அமுக்கு, வலது. ஒரு வளையம் போட்டு என் காலடிக்கே வந்து நின்றது. முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அப்படி ஒரு கப்பலை இந்த ஜில்லாவில் அதற்கு முன்னும் பின்னும் எவனும் ஓட்டவில்லை. ஆனால் நான் பார்க்க வேண்டிய முகம் அங்கே இல்லை. கப்பல் திரும்புவதற்குள் அவள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தேன். அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. தட்டில் சோறும் குழம்பும் போட்டு என் முன்னால் வைத்தாள். உட்கார்ந்து ஒரு வாய் பிசைந்து எடுத்தாள். கை வராதவனுக்கு ஊட்டத்தான் போகிறாள் என்று வாயைத் திறந்தேன்.

அவள் அதைத் தன் வாயில் போட்டு மென்றாள். என்னைப் பார்த்தபடியே விழுங்கினாள். கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"இப்பச் சாப்பிடுங்க."

ஆறு வருஷம் ஆகிறது. ஒரு வேளை தவறவில்லை. எங்கள் வீட்டில் புருஷன் சாப்பிடாமல் பெண்கள் வாயில் பருக்கை வைத்ததில்லை. இவள் தினமும் என் தட்டிலேயே முதல் வாயைத் தின்கிறாள். ஒருதரம், "போதும் அழகம்மா. ஊரு கேக்கச் சொல்லிட்டேன்ல" என்றேன்.

"உங்களுக்குப் போதும். எனக்கு இன்னும் ஆகலை" என்றாள்.

கை முக்கால்வாசி திரும்பிவிட்டது. நுணுக்க வேலை வராது, ஆள் வைத்துச் செய்கிறேன். கல்யாண வீடுகளில் இலை போட்டுப் பரிமாறினாலும் உடனே எடுத்துத் தின்ன முடிவதில்லை. கை தானாக நின்றுவிடுகிறது. பக்கத்து இலைக்காரர்கள், என்ன யோசனை என்று கேட்கிறார்கள். பசிக்கும் சோற்றுக்கும் நடுவில் எனக்கென்று ஒரு இடைவெளி வந்துவிட்டது. பத்து எண்ணும் நேரம்.

இன்று மத்தியானமும் அவள் மென்று விழுங்கும் வரை என் வலது கை தட்டுக்கு மேலே காத்திருந்தது. டாக்டரம்மா சொன்ன பயிற்சியும் இதுதான். மணிக்கட்டு நேராக இருந்தது. பத்து எண்ணினேன். விழவில்லை.