ஒரே கோப்பையை இரண்டு தரம் வென்ற கழகம்

போன மாதம் என் அக்காவின் மகன் கனடாவில் இருந்து வந்து நின்றபோது, கொட்டிலுக்குள் கிடந்த என் பழைய சைக்கிளை வெளியே இழுத்துப் போட்டான். பின் சில்லில் இன்னும் டைனமோ பூட்டியிருந்தது. அது என்ன சாமான் என்று அவனுக்கு விளங்கவில்லை; சில்லுச் சுற்றினால் லைற்றுக்குக் கரண்ட் தருகிற சாமான் என்று சொன்னேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவின் தலையை ரயரோடு அழுத்திவிட்டுப் பெடலைக் கையால் சுற்றினான். பல வருடமாக ஓடாத சாமான். முதலில் கீச்சென்று கத்தியது. பிறகு றப்பர் சூடேறுகிற மணம் வந்தது. உங்களுக்கு அந்த மணம் தெரிந்திருந்தால் நான் விளக்கத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கொஞ்சம் தீய்ந்த ரயர், கொஞ்சம் துரு, கொஞ்சம் மனிதர் வியர்வை. எனக்கு அது சீனாவின் மணம்.

சிரிக்காதீர்கள். நான் சீனாவுக்குப் போனவனில்லை. வேலணைத் தீவில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசியும் மாவும் நிறுத்துக்கொடுத்தவன். நாலு பேர் சேர்ந்து நின்றால் அந்த வழியால் போகாமல் சுற்றிப்போகிற ஆள். சாட்டிக் கடற்கரைக்குப் போகும் வழியில் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் மைதானம் இருந்தது. பின்னேரம் அங்கே போவேன். ஆனால் விளையாட மாட்டேன். பந்து என்னிடம் வந்தால், சபையில் யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி உடம்பு கூசும்.

அதனால் எனக்கு ஒரு வேலை தந்தார்கள். கோடு போடுகிற வேலை. சிப்பி சுட்ட சுண்ணாம்பை முதல் நாளே பீப்பாவில் ஊறவைத்து, சாக்கில் வடித்து, அடியில் ஓட்டை போட்ட பால்மா ரின்னால் ஊற்றிக்கொண்டு போக வேண்டும். சோளகக் காற்று அடிக்கிற நாளில் ரின்னைத் தரையோடு தாழ்த்திப் பிடிக்காவிட்டால் கோடு கடலுக்குப் போய்விடும். நான் போட்ட கோடு கோணியது கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எல்லாரும் என்னைச் 'சுண்ணாம்பு' என்றுதான் கூப்பிட்டார்கள்.

றேடியோ வந்தது எண்பத்து மூன்றில். என் சித்தப்பா தெற்கில் ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். கலவரத்தில் கடை எரிந்து, அவர் ஊர் வந்து சேர்ந்தபோது கையில் இருந்தது அந்த றேடியோ ஒன்றுதான். சாவிக்கொத்தைக்கூட அவர் கொண்டுவரவில்லை. ஒரு கிழமை கழித்து அதை என் மடியில் வைத்தார். "இந்தா. எனக்கு இனி இதிலை கேக்க ஒண்டுமில்லை" என்றார்.

நான் முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு பின்னேரம், இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெண்குரல் தமிழில் பேசியது. ஒவ்வொரு சொல்லையும் கழுவிக் காயப்போட்டது மாதிரியான தமிழ். சீனாவிலிருந்து வருகிற ஒலிபரப்பு என்று முடிவில் சொன்னாள். அதிலிருந்து கோயிலில் பின்னேரப் பூசை மணி கேட்டால் நான் றேடியோவைத் திறந்துவிடுவேன். சீனத்து அணைக்கட்டுகளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

சில நாட்களில் கடைசியாக விளையாட்டுச் செய்தியும் சொல்வார்கள். அப்படித்தான் ஒரு நாள் கேட்டேன்: அவர்களின் நாட்டு வடகிழக்கில் உள்ள ஓர் உதைபந்தாட்டக் கழகம் ஆசியாவின் கழகங்களுக்கான கோப்பைக்கு வெளிநாடு போய் ஆடுகிறது. இதுவரை சீனக் கழகம் எதுவும் இந்தக் கோப்பையை எடுத்ததில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். அதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்துக்கொண்டது.

ஏன் பிடித்தது என்று கேட்பீர்கள். நாங்கள் பண்ணைப் பாலத்தைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு ஆடப்போனால் அங்கத்தைய பெடியள் வேலியில் ஏறி நின்று, "தீவார் வந்திட்டினம், தோணியை எங்கை கட்டினீங்கள்?" என்று கேட்பார்கள். பஸ்ஸில் வந்திறங்கிய எங்களைப் பார்த்துக் கேட்பார்கள். அப்படி ஒருவரும் கணக்கில் எடுக்காத ஆட்கள் இன்னொரு நாட்டிலும் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விசயம். அந்தக் கழகத்தின் பெயர் எங்கள் வாயில் சரியாக வராது. 'எங்கட சீனர்' என்று வைத்துக்கொண்டோம். அவர்கள் எந்த நாட்டோடு ஆடினார்கள், யார் வென்றது, எல்லாவற்றையும் ஒரு ஒற்றைக்கோட்டுக் கொப்பியில் எழுதினேன். எங்கள் கோல்காப்பாளன் தேவன் மட்டும் தினமும் கேட்பான்: "சுண்ணாம்பு, எங்கட சீனர் என்னவாம்?"

அவர்கள் இறுதிப்போட்டிக்கு வந்தார்கள். தொண்ணூறில், இந்தியப் படை போய், அடுத்த சண்டை தொடங்காமல் இருந்த அந்தச் சின்ன இடைவெளி அது. பற்றரி செத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் ஓட்டில் வைத்து வெயில் காட்டினேன். வெயில் குடித்த பற்றரி பத்து நிமிடமாவது பேசும்.

பேசியது. ஜப்பான் நாட்டுக் கழகத்தை அதன் மைதானத்திலேயே இரண்டுக்கு ஒன்று என்று வென்றார்கள். இறுதிப்போட்டி என்று அந்தப் பெண் சொன்னது தெளிவாகக் கேட்டது. அதோடு றேடியோ அடங்கிவிட்டது.

நான் ஓடினேன். மைதானத்தில் எங்கள் கழகத்துக்கு ஒரு சின்னக் கல்வீடு இருந்தது. தெருவைப் பார்த்த சுவரில் முழங்கால் உயர எழுத்தில், கோடு போடுகிற அதே சுண்ணாம்பால் எழுதினேன்: 'ஆசியக் கோப்பை. எங்கட சீனர் வென்றனர். 2–1.' தேவன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

அடுத்த கிழமை வேறு பற்றரி போட்டுக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. இறுதிப்போட்டியின் இரண்டாவது ஆட்டம் சீனாவில் நடந்ததாம். ஒன்றுக்கு ஒன்று, சமன். கோப்பை எங்கட சீனருக்காம்.

எங்கள் தீவில் இறுதிப்போட்டி என்றால் ஒரு நாள், ஒரு ஆட்டம். பொழுது சாய முதல் கோப்பை கையில். இரண்டு ஊரில் இரண்டு தரம் ஆடி முடிக்கிற இறுதிப்போட்டியை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. கேட்டதைக் கேட்டபடி போய்ச் சொன்னேன். அதுதான் வினையாகிவிட்டது.

கழகத்துச் செயலாளர் குணரத்தினம் அண்ணை. யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர். நல்ல மனிதர், ஆனால் பேப்பரில் வராத எதுவும் உலகத்தில் நடக்கவில்லை என்று நம்புகிறவர். பேப்பரில் இது வரவில்லை.

"தம்பி, போன கிழமை கோப்பை வெண்டதெண்டீர். சுவரிலையும் எழுதினீர். இண்டைக்குச் சமன் எண்டுறீர். பிறகும் கோப்பை வெண்டதெண்டுறீர். ஒரு கோப்பையை ரண்டு தரம் வெல்ல ஏலுமோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போய்விட்டேன். ஆனால் அடுத்த நாள் சங்கக்கடையில் ஒரு பெரிய மூட்டையை நிறுக்கும்போது விளங்கியது. தட்டில் அடங்காத மூட்டையை இரண்டாகப் பிரித்து நிறுத்துக் கூட்டுகிறோம் அல்லவா? இரண்டும் ஒன்றும் மூன்று. ஒன்றும் ஒன்றும் இரண்டு. மூன்றுக்கு இரண்டு. நான் பின்னேரம் போய், என் வாழ்க்கையில் முதல் தரமாக, ஒருவரும் கேட்காமல் வாய் திறந்தேன்.

"பெரிய மூட்டையை ரண்டு தரமா நிறுக்கிறேல்லையே அண்ணை, அது மாதிரித்தான்."

குணரத்தினம் அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோப்பை என்ன காணும், கோதுமை மாவே?"

மைதானம் முழுக்கச் சிரித்தது. தேவன்கூடச் சிரித்தான். பிறகு, "பகிடிதானேடாப்பா" என்று முதுகில் தட்டினான். அது பகிடி என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் பொய் சொல்கிறவன் என்று ஒருவரும் அதுவரை நினைத்ததில்லை. சங்கக்கடையில் தராசு பிடிக்கிறவனுக்கு வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். அவன் நிறை சொன்னால் சனம் நம்ப வேண்டும்.

அடுத்த ஞாயிறு யாழ்ப்பாணத்து அணி ஒன்று எங்கள் மைதானத்துக்கு வர இருந்தது. குணரத்தினம் அண்ணை சுவரைக் காட்டினார்.

"அவங்கள் வர முதல் இதை அழிச்சுப்போடும். பாத்தாங்களெண்டால் சிரிப்பாங்கள்."

"நான் அழிக்கமாட்டன் அண்ணை."

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

"அப்ப கோடு போட வேறை ஆளைப் பாக்கவோ?"

"பாருங்கோ."

பால்மா ரின்னை அவருடைய காலடியில் வைத்துவிட்டு வந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன்.

ஞாயிறு வந்த அணிக்காரர் சுவரை வாசித்தார்கள். "சீனத்திலையிருந்து தீவுக்கு நேரை தந்தி வருதுபோலை" என்று ஒருவன் சொன்னான். செயலாளர் காதில் விழாத மாதிரி நின்றார். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். வேறு ஆள் போட்ட கோடு மூலைக்கு மூலை நெளிந்து கிடந்தது. சுவர் எழுத்தை அழிக்கச் செயலாளருக்கு ஏனோ மனம் வரவில்லை. வேறு ஆளைக் கொண்டு அழிப்பித்திருக்கலாம். செய்யவில்லை.

வானொலிக்கு ஒரு கடிதம் போட்டேன். 'இறுதிப்போட்டி இரண்டு ஆட்டமா என்று எழுத்தில் தரவும்' என்று கேட்டேன். அதை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. பதில் வரமுதல் சண்டை தொடங்கி, தபால் நின்றுவிட்டது. ஆவணியில் அரசாங்கப் படை தீவுக்கு வந்தது. கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடினோம். நான் எடுத்தது றேடியோவும் கொப்பியும்.

ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களை விட்டார்கள். ஒரு வகுப்பறைக்கு ஐந்து குடும்பம். மூன்றாவது அறையில் நாங்கள், நாலாவதில் குணரத்தினம் அண்ணை குடும்பம். முன்பு எங்களைத் தோணிக்காரர் என்று பகிடி பண்ணிய ஊரில் கிணற்றுக்கு வரிசையில் நின்றோம்.

பற்றரி கொண்டுவர அரசாங்கத் தடை. கடையில் மருந்துக்கும் கிடையாது. அப்போதுதான் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்கிற வித்தையைச் சனம் பிடித்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடல் சுற்ற, இன்னொருவர் காது வைத்துக் கேட்பார். சுற்றுகிற கை களைத்தால் செய்தி தேய்ந்து போகும். எல்லாரும் போர்ச் செய்தி கேட்டார்கள். நானும் தேவனும் அது முடியும்வரை காத்திருந்து எங்கட சீனரைத் தேடினோம். அவர்கள் அடுத்த வருடமும் இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டார்கள். இந்தத் தரம் வங்காள தேசத்தில், ஈரான் நாட்டுக் கழகத்தோடு, ஒரே ஆட்டம்.

தேவன் சுற்றினான். ரயர் மணம் அறையெல்லாம். அந்தக் குரல் இரைச்சலுக்குள் தாழ்ந்து தாழ்ந்து எழும்பியது. நான் காதை எடுத்தேன்.

"என்னவாம்?"

"தோத்துப்போச்சினம். ரண்டுக்கு ஒண்டு."

தேவன் பெடலை விட்டான். சில்லு தானாகச் சுற்றி நின்றது. "சொல்லாதை" என்றான். "வெண்டதெண்டு எழுது. ஆருக்குத் தெரியப்போகுது? வந்து பாக்கப்போறானோ ஈரான்காரன்? சனத்துக்கும் ஒரு சந்தோசம். குணரத்தினம் அண்ணையும் வாயை மூடுவார்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசை வந்தது. அந்த வருடம் வென்ற செய்தி என்று ஒன்றுமே எங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் அடுப்படியில் இருந்து ஒரு கரித்துண்டை எடுத்துப்போய்ப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதினேன்: 'இறுதிப்போட்டி. எங்கட சீனர் தோற்றனர். 1–2.' வேலணையில் எழுதிய அதே அளவு எழுத்து. ஒரு பிடி குறைக்கவில்லை.

காலையில் குணரத்தினம் அண்ணை பல்லுத் தீட்டிக்கொண்டு அதற்கு முன்னால் நின்றார். நான் வாளியோடு கடந்துபோகப் பார்த்தேன்.

"நில்லும்."

நின்றேன்.

"இது உண்மையோ?"

"ஓம் அண்ணை."

அவர் சுவரைத் திரும்பவும் வாசித்தார். வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"அப்ப மற்றதும் உண்மைதான்."

"எது?"

"போன வருசத்துச் சங்கதி. பொய்க்காரன் தோத்ததை இப்பிடிக் கரியாலை எழுதமாட்டான்." கொஞ்சத் தூரம் போய்விட்டுத் திரும்பினார். "ஊருக்குப் போனால் கோடு நீர்தான் போடவேணும். அண்டைக்கு அந்தப் பெடியன் மைதானத்தைப் பாம்பு மாதிரிக் கீறிப்போட்டான்."

ஊருக்குப் போய்ச் சேரப் பல வருடம் சென்றது. அவர் அதற்கு முதலே காலமாகிவிட்டார். தேவன் எங்கே என்று எனக்குத் தெரியாது.

மருமகன் கதையைக் கேட்டுவிட்டு ரெலிபோனை எடுத்துத் தடவினான். அந்தக் கழகம் வெளிநாடுகளோடு ஆடிய ஆட்டமெல்லாம் வருடவாரியாக அதில் இருந்தது. "மாமா, நீங்க சொன்ன ரெண்டும் கரெக்ட்" என்றான். இறுதிப்போட்டி இரண்டு ஆட்டம், மூன்றுக்கு இரண்டு. பிறகு இன்னும் கீழே தள்ளிப் பார்த்து, "ஆனா அந்தக் கழகம் இப்ப இல்லையாம். கலைச்சிட்டினமாம்" என்றான். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் கவலைப்படுவேன் என்று நினைத்தானாக்கும். நான் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினேன்.

எங்கள் கழகமும்தான் இல்லை. மைதானத்தில் எருக்கலை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அந்தக் கல்வீட்டைப் படைக்காரர் பிடுங்கிக் கடற்கரையில் காவலரணுக்கு அணை கட்டினார்களாம். பிறகு அணையையும் பிரித்துக் கல்லை எங்கெங்கோ கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். சிப்பிச் சுண்ணாம்பு லேசில் போகாது. யாரோ ஒருவரின் வேலிக்குள், மதிலுக்குள், கிணற்றுக் கட்டுக்குள் என் எழுத்தில் ஒன்றிரண்டு மண்ணைப் பார்த்துக்கொண்டு இருக்கும். இருக்கட்டும். அழிக்கச் சொன்னார்கள். நான் அழிக்கவில்லை.