கை ஊன்றாமல் எழுவது

திருத்தணியில் வெயிலுக்கு என்றைக்குமே பஞ்சம் வந்ததில்லை. சித்திரை மாதத்தில் மலைப்படியில் செருப்பில்லாமல் நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டே வெயில் போதாமல் எலும்பு தளர்ந்து போனேன் என்றால் என் மகளே நம்பமாட்டேன் என்கிறாள்.

எழுபதுகளின் கடைசி. அங்கே ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் தற்காலிக நர்ஸாக இருந்தேன். வெளியாள் பார்க்கக் கூடாதென்று ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். குவார்ட்டர்ஸிலிருந்து வார்டு வரை தகரக் கூரை போட்ட நடை. ராத்திரி டியூட்டி முடிந்தால் ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுப் பகலெல்லாம் தூக்கம். கடைக்குப் போனால் குடை. கறுத்துப் போனால் வரன் அமையாது என்று அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவாள்.

எங்கள் லேடி டாக்டர் என்னைவிட மோசம். ஐம்பதை நெருங்கியவர். விடியுமுன் உள்ளே நுழைந்தால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவார். ஆனால் பிள்ளை பெற்று வீட்டுக்குப் போகிறவளிடம், குழந்தையைத் தினமும் இளவெயிலில் காட்டு என்று சொல்லாமல் விடமாட்டார். அதையே நான் இன்னும் கொஞ்சம் அதட்டிச் சொல்வேன். ஊருக்குத்தான் உபதேசம்.

எனக்கோ இடுப்பிலும் தொடையிலும் ஓயாத குடைச்சல். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எங்கள் ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மற்றவர்களைப் போல சீட்டு எழுதி வரிசையில் உட்கார மாட்டோம். எதிரே வருகிற டாக்டரிடம் நின்றபடியே சொல்வோம், அவர் நடந்தபடியே மாத்திரையின் பேரைச் சொல்வார். எனக்கும் அப்படித்தான் ஒரு வலி மாத்திரை கிடைத்தது. அதற்குமேல் நானும் வாயைத் திறக்கவில்லை. என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு வந்திருந்தது. அதற்கு உடல் தகுதிச் சான்று வேண்டும், கையெழுத்துப் போட வேண்டியவர் லேடி டாக்டர். கால் சரியில்லை என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம்.

அந்த வாரம் அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு நெசவுக்காரப் பெண் வந்து வார்டில் சேர்ந்தாள். பொழுதுக்கும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து நூல் சுற்றுகிறவள். வாத்து மாதிரி ஆடி ஆடி நடந்தாள். டாக்டர் அவளைத் தரையில் குந்த வைத்து, கை ஊன்றாமல் எழச் சொன்னார். முடியவில்லை. உடம்பில் வெயிலே படாததால் எலும்பு இளகிவிட்டது, சதையும் பலமிழந்துவிட்டது என்று டாக்டர் விளக்கினார். அவள் குந்தியபடியே கேட்டுவிட்டு என்னைக் கை காட்டினாள்.

“இந்த நர்சம்மாவும் அப்பிடித்தாங்க எய்ந்துக்கிறாங்க. வந்ததிலேர்ந்து பாத்துகினுதான் கீறேன், தொடையில கைய ஊனிகினு.”

அவள் வாயைப் பொத்தலாம் போலிருந்தது. டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, குந்து என்றார். குந்தினேன். எழ முடியவில்லை. இந்த வயதில் இது கூடவா முடியாது என்று சலித்துக்கொண்டு, எழுந்து காட்டுவதற்காகப் புடவையை இழுத்துச் செருகி அவரும் குந்தினார். பாதி எழுந்தவர் மேசைக்காலைப் பிடித்தார், பிறகு தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். திரைக்குப் பின்னால் தரையில் மூன்று பெண்கள். முதலில் சிரித்தது டாக்டர்தான். ஆயா வந்து எங்களை ஒவ்வொருவராக அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று.

மறுநாள் டாக்டருக்கும் எனக்கும் சீட்டு எழுதி, எக்ஸ்ரே, ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் அதே வியாதி. என் சான்றில் அவர் கையெழுத்துப் போடவில்லை. நான் அழுதேன்.

“அழாதம்மா. மூணு மாசம் டயம் கேட்டு எழுதறேன். நீ எழுந்து நின்னா போடறேன், இல்லன்னா போடமாட்டேன்.”

ஊசி, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, தினமும் மொட்டைமாடியில் அரைமணி நேரம். துவைத்துக் காயப்போட்ட வார்டுத் துணிகளுக்கு நடுவே, ரவிக்கைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுவேன். எதிரே மலை தெரியும். அரக்கோணம் போகிற ரயிலின் சத்தம் கேட்கும். முதல் இரண்டு நாள் டாக்டரும் வந்தார். காலை நீட்டிப்போட்டு என் டப்பாவிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டபடி, சின்ன வயதில் உச்சி வெயிலில் கிணற்றில் குதித்து அடிவாங்கிய கதையைச் சொன்னார். இன்றைக்கும் முதுகில் வெயில் பட்டால் அந்த மாடிக்குத்தான் மனசு போகிறது. என் வாழ்க்கையிலேயே நல்ல சாப்பாடு அங்கே சாப்பிட்டதுதான்.

மூன்றாம் நாளிலிருந்து ஏதாவது ஒரு பிரசவம் குறுக்கே வந்தது. நீ போ, இதை முடித்துவிட்டு வருகிறேன் என்பார். நான் போய்விடுவேன். அவர் வந்ததில்லை.

மூன்று மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு குந்தச் சொன்னார். எழுந்தேன். நம்பாமல் இன்னும் இரண்டு தரம் எழச் சொன்னார், எழுந்தேன். முகமெல்லாம் மலரக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒப்புக்குத்தான் கேட்டேன்.

“எங்கிட்ட யாரும்மா சான்று கேக்கறாங்க?”

சொல்லிவிட்டு, மேசையில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போனார். கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். திட்டியிருப்பார், ஆனால் வந்திருப்பார். ஆபீஸ் மூடுவதற்குள் தாளைக் கொடுத்துவிட வேண்டுமே என்று, வலியில்லாத கால்களோடு ஓடினேன்.