இடப்பக்கமிருந்து எண்ணிய ஓடுகள்

ஐப்பசி மழைக்கு முன் எங்கள் குமராட்சி வீட்டில் செய்ய வேண்டிய வேலைகள் பதினொன்று. தென்னை மட்டை கழிப்பது, விறகை உள்ளே அடுக்குவது, கொல்லை வாய்க்காலைத் தூர் எடுப்பது என்று பத்து முடிந்துவிட்டன. பதினொன்றாவது, உடைந்த ஓடுகளை மாற்றுவது. நாங்கள் இந்த வீட்டில் இருப்பதா வேண்டாமா என்பதே இந்த வருடம் அதைப் பொறுத்திருந்தது.

போன மழையில் கூடம் ஒழுகியதைப் பார்த்த மகன், "இன்னொரு தடவ ஒழுகிச்சுன்னா ரெண்டு பேரும் சிதம்பரத்துக்கு வந்துடணும். மாடியில ஒரு வீடு சொல்லி வெச்சிருக்கேன்" என்றான். நானும் சரி என்றேன். ஒழுகாது என்ற தைரியத்தில் சொன்ன சரி அது. என் மனைவி மறுக்கவில்லை. அவளுக்கு டவுன் ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டு வேலையை வேறொருவர் கண்ணை நம்பி விட எனக்கு மனம் வரவில்லை. மூன்று நாள் கட்டிலில் மல்லாந்து படுத்து, வெளிச்சம் தெரிந்த ஓடு ஒவ்வொன்றையும் எந்த வரிசை, இடப்பக்கமிருந்து எத்தனையாவது என்று தாளில் எழுதினேன். மொத்தம் பதினாறு.

கீரப்பாளையத்திலிருந்து வந்த ஓட்டுக்காரர், "மேல ஏறி நானே பாத்துக்கறேன் மாமா" என்றார்.

"பாக்க வேணாம். எழுதியிருக்கறத எடு, போதும்."

எடுத்தார். சற்று நேரத்தில் மேலேயிருந்து குரல் வந்தது. "எல்லாம் நல்ல ஓடா இருக்கே மாமா?"

"கீழேருந்து பாத்தவனுக்குத்தான் தெரியும்."

வேலை முடிவதற்குள் வானம் இருட்டிவிட்டதால் வெளிச்சம் வைத்துச் சரிபார்க்க முடியவில்லை. மறுநாள் காலை மழை பிடித்தது. கூடத்தில் பதினாறு இடங்களில் சொட்டியது. அப்போதுதான் புரிந்தது. நான் உள்ளேயிருந்து வாசலைப் பார்த்தபடி எண்ணியிருந்தேன். அவர் வாசல் பக்கம் ஏறி வீட்டைப் பார்த்தபடி எண்ணியிருக்கிறார். என் இடப்பக்கம் அவருக்கு வலப்பக்கம்.

"தாளு மட்டும் அடித்தல் திருத்தல் இல்லாம எழுதியிருந்தீங்க" என்றாள் மனைவி, குண்டானையும் அன்னக்கூடையையும் சொட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டே. பிறகு ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு பழந்துணியைப் போட்டாள்.

"அது எதுக்கு?"

"போன் வரும். சத்தம் கேக்கக் கூடாது."

வந்தது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒரு சொட்டு இல்லடா."

"வீடியோ போடும்மா, பாக்கறேன்."

"கரண்டு இல்ல. போட்டாலும் ஒண்ணும் தெரியாது."

காலை மணி பத்து.

"சரி, அப்ப அந்த மாடி வீடு வேணாம்னு சொல்லிடறேன்" என்று அவன் வைத்துவிட்டான்.

ஆக, இந்த வீட்டிலேயே இருக்கப் போகிறோம் என்பது முடிவாகிவிட்டது. ஒழுகாத இடம் தேடிக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனோம். சாமி அறை மட்டும் காய்ந்து கிடந்தது. அதன் கதவில் கட்டில் நுழையவில்லை.