கழிவு போக எவ்வளவு? மகளுக்கு இரண்டு பாஷைப் பள்ளிக்கூடம் தேடி நுவரெலியாவும் அட்டனும் போய்வந்தது

ஐம்பத்துநாலாம் வருஷம், நவம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமையும் அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும். இரண்டே நாள் பயணம். பதினோரு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் கார்த்திகை பிறந்தால் யாராவது ஒருவர் என் வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். "அண்ணே, மகள எங்க சேத்தீங்க? எம்புட்டு முடிஞ்சிச்சு? எந்த பஸ்ஸுல போனீங்க?" சொல்லிச் சொல்லி எனக்குத் தாடை வலிக்கிறது. வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றி என் வீட்டுக்காரிக்குக் கை வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். இனிமேல் வருகிறவர்கள் வாசித்துவிட்டுப் போகலாம். தேத்தண்ணி கிடையாது.

அப்போது நான் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொரை பங்களாவில் கோக்கி, சமையல்காரன். மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன். ஆனால் இங்கிலீஷ் தெரியும் என்று தோட்டம் முழுக்கப் பெயர். சூப், ரோஸ்ட், புடிங், மோர் சோல்ட். சாப்பிடக்கூடிய இங்கிலீஷ் எல்லாம் எனக்குத் தெரியும்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, சரசு. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. வரும் தையில் அவளுக்குப் பன்னிரண்டு. பெரிய கங்காணி ஒருநாள் வழியில் நிறுத்தி, "என்ன கோக்கி, தை மாசம் புள்ளைக்குப் பேர் பதிஞ்சிருவமா?" என்று கேட்டார். பேர் பதிந்தால் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும், முதுகில் கொழுந்துக்கூடை ஏறிவிடும். தைக்குள் ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தால் சரசு படிப்பாள், கிடைக்காவிட்டால் மலை ஏறுவாள். எங்களுக்கு இருந்தது இரண்டு மாதம்.

தமிழும் இங்கிலீஷும் சேர்த்துப் படிப்பிக்கிற இடங்கள் இரண்டு என்று கேள்விப்பட்டோம். ஒன்று நுவரெலியாவில், ஒன்று அட்டனில். இரண்டிலும் தங்கிப் படிக்கலாம். தொரையிடம் இரண்டு நாள் லீவு கேட்டேன். அந்த இரண்டு நாளும் அவர் என்ன சாப்பிட்டாரோ, எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரி அங்கம்மாவுக்குப் பிள்ளையை அனுப்பவே மனமில்லை. இருந்தாலும், "நானும் வர்றேன். எடம் எப்புடின்னு என் கண்ணால பாக்கணும்" என்றாள்.

காலை நாலரைக்கு லயத்து வீட்டை விட்டு இறங்கினோம். ரோட்டுக்கு இரண்டு மைல் இறக்கம். பஸ் ஐந்தே முக்காலுக்கு. நுவரெலியா இருபத்திரண்டு மைல், ஆளுக்கு ஒரு ரூபாய் பத்துச் சதம், பிள்ளைக்குப் பாதி. கண்டக்டர் சரசுவை மேலும் கீழும் பார்த்துவிட்டு முழு டிக்கட் கிழிக்கப் போனார். "மாத்தயா, உசரம்தான் அவ அம்மாவுது, வயசு அவளுதுதான்" என்று சிங்களமும் தமிழுமாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே அரை டிக்கட் கொடுத்தார். கந்தப்பளைப் பக்கம் பழைய சின்ன ரயில் ஓடிய பாதையில் புல் முளைத்துக் கிடந்தது. கல்யாணம் ஆன புதிதில் அங்கம்மாவை அந்த ரயிலில்தான் கூட்டிப் போனேன். அது போகிற வேகத்துக்கு இறங்கி, ஒரு பூப் பறித்துக்கொண்டு, திரும்ப ஏறிக்கொள்ளலாம். சரசுவிடம் சொன்னால் நம்பவில்லை. "அப்பா சொல்ற கணக்குல பாதிதான் நெசம்" என்றாள்.

ஏழு முப்பத்தைந்துக்கு நுவரெலியா. நல்ல குளிர், வாயைத் திறந்தால் புகை. பள்ளிக்கூடம் ஒன்பதுக்குத்தான் திறக்கும் என்பதால் கடைத்தெருவில் டிரங்குப் பெட்டி விலை கேட்கப் போனோம். கடைக்கார நானா எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

"புள்ளைக்கு எடம் கெடச்சிட்டா?"

"இல்லீங்க நானா. இனித்தான் போய்க் கேக்கணும்."

"அப்ப பெட்டிய நாளைக்கு வாங்குங்க. பெட்டி வாங்கிட்டுப் போய் எடம் கெடைக்காம, அதையே தூக்கிட்டுத் திரும்பி வந்த ஆளுங்க நெறய. நான் திருப்பி எடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

இப்படி ஒரு யாவாரியை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் பஸ் நிலையத்திலிருந்து முக்கால் மைல், ஏற்றம். ஆபீஸில் பெரிய மிஸ் இருந்தார், வெள்ளைக்காரச் சாயலில் ஒரு பறங்கி அம்மா. பக்கத்தில் ஒரு தமிழ்க் கிளார்க். பீஸ் தாளை எங்கள் பக்கம் தள்ளினார்கள். சேர்க்கை பத்து ரூபாய். டெபாசிட் இருபத்தைந்து, பிள்ளை விலகும்போது திருப்பித் தருவார்கள். தவணைப் பீஸ் முப்பத்தாறு. தங்கிச் சாப்பிட மாதம் இருபத்தெட்டு, மூன்று மாதத்துக்கு எண்பத்துநாலு. ஆக முதல் தவணைக்கு நூற்று ஐம்பத்தைந்து. தபால் புத்தகத்தில் ஏழு வருஷமாகச் சேர்த்தது முந்நூற்று நாற்பது இருந்தது. பரவாயில்லை என்று நான் தலையை ஆட்டிவிட்டேன்.

அங்கம்மா ஆட்டவில்லை. எழுத்துத் தெரியாதவள்தான். ஆனால் பதினைந்து வருஷமாக ஒவ்வொரு நாளும் தராசு முன்னால் நின்றவள். கொழுந்து நிறுக்கும்போது கணக்குப்பிள்ளை ஓர் எடையைச் சொல்வார், புத்தகத்தில் வேறோர் எடையை எழுதுவார். கூடைக்கு இத்தனை றாத்தல் கழிவு, மழை பெய்தால் தண்ணிக்கு இத்தனை. சொன்ன எடையைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவள் சம்பள நாளில் அழுவாள்.

"இது நிறுத்த கணக்குங்க" என்றாள் கிளார்க்கிடம். "கழிவு என்னா, அத சொல்லுங்க."

கிளார்க்குத் தம்பி என்னைப் பார்த்தார். நான் மிஸ்ஸைப் பார்த்து, என் பங்களா இங்கிலீஷில், "மேடம், சூப் ஓக்கே. ஆஃப்டர் சூப், வாட்?" என்றேன். நான் கேட்டது அந்த அம்மாவுக்குச் சரியாகவே விளங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். துணி துவைக்க நாலரை. மருந்துக்கு இரண்டு. விளையாட்டுக்கு மூன்று. புத்தக அலுமாரிக்கு ஒன்றரை. ஆக மொத்தம் நூற்று அறுபத்தாறு.

"இன்னும் இருக்கா?" அங்கம்மா விடவில்லை.

கிளார்க்குத் தம்பி கொஞ்சம் தயங்கினார். "தமிழ்ப் பாட நேரம் தவிர வேற நேரத்துல தமிழ் பேசுனா, ஒரு தடவைக்கு அஞ்சு சதம் அபராதம். இங்கிலீஷ் பழகணும்னுதான்."

சரசு என் மகள் அல்லவா? அவள் ஒருநாள் பேசுகிற பேச்சுக்கு என் சம்பளமே போதாது.

அங்கம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு சதுர அஞ்சு சதக் காசை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நான் தமிழ்லதான் கேக்கணும். எம்புள்ளைக்கு வயித்து வலின்னா எந்த பாஷையில சொல்லணும்?"

மிஸ் அந்தக் காசைத் திருப்பித் தள்ளினார். பிறகு தமிழிலேயே பேசினார். தொரைமார் பேசுவதுபோல எல்லாம் கட்டளையாக வரும் தமிழ். "காசு எடு. தாய்க்கு இல்லை. நோய்க்கு இல்லை."

"பல்லு வலிக்கு?" என்றாள் சரசு.

"அதுவும் நோய்."

"பசிச்சா?"

"பசிக்கு இங்கிலீஷ்" என்றார் மிஸ்.

இடைவேளை மணி அடித்தது. வெளியே வந்து வேலி ஓரமாக நின்றோம். பிள்ளைகள் இங்கிலீஷில் கத்தி விளையாடினார்கள். சண்டையும் இங்கிலீஷில்தான். அங்கம்மா முகம் இறுகிப் போயிருந்தது. "வாங்க, அட்டனுக்குப் போவம்" என்றாள்.

நானுஓயாவுக்கு பஸ், ஐந்து மைல், இருபத்தைந்து சதம். ரயில் பன்னிரண்டு நாற்பதுக்கு. மூன்றாம் வகுப்பு, அட்டனுக்கு இருபத்தொரு மைல், ஆளுக்குத் தொண்ணூற்றைந்து சதம். பங்களாவில் மிஞ்சிய ரொட்டியில் சம்பல் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். அங்கம்மா சாப்பிடவில்லை. அவள் பங்கை நானும் சரசுவும் துக்கத்தோடு பிரித்துச் சாப்பிட்டோம். கொட்டகலை தாண்டி சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தபோது சரசு என் கையைப் பிடித்தாள். நான் அங்கம்மா கையைப் பிடித்தேன். வெளிச்சம் வந்ததும் அவள் உதறிவிட்டாள்.

அட்டன் பள்ளிக்கூடம் ஸ்டேஷனிலிருந்து அரை மைல். தலைமை வாத்தியார் எங்களுக்கு நாற்காலி போட்டு, நல்ல தமிழில் பேசினார். தாளில் முதல் தவணைக்கு நூற்றுப் பதினெட்டு ரூபாய்தான். என் மனம் குளிர்ந்தது. அங்கம்மா, "கழிவு?" என்றாள். கட்டட நிதி பதினைந்து, மேசைக்குப் பத்து, விறகுக்கு ஆறு, விளக்குக்கு நாலரை, துணிக்கு நாலரை. நூற்று ஐம்பத்தெட்டு. நுவரெலியாவுக்கும் இதற்கும் வித்தியாசம் எட்டே எட்டு ரூபாய்!

"இங்கிலீஷ் எப்புடிங்க ஐயா?" என்று நான் கேட்டேன்.

வாத்தியார் நல்ல மனுஷர், பொய் சொல்லவில்லை. "இங்கிலீஷ் மாஸ்டர் மாறிப் போயிட்டாரு. ரெண்டு தவணையா ஆள் இல்ல. கேட்டு எழுதியிருக்கோம், வருவாங்க."

அன்று ராத்திரி அங்கம்மாவின் தம்பி வீட்டில் தங்கினோம். பக்கத்துத் தோட்டம், நடந்து ஒன்றரை மைல். காலை எட்டு மணி ரயிலில் திரும்பினோம். அட்டனில் சேர்ப்பது என்று நானும் அங்கம்மாவும் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டோம். சரசுவை யாரும் கேட்கவில்லை. வட்டகொடை ஸ்டேஷனில் ரயில் நின்றபோது அவளாகவே சொன்னாள்.

"நான் நுவரெலியாவுலதான் படிப்பேன்."

"அங்க வாயத் தொறந்தா காசு புடுங்குவாங்கடி" என்றாள் அங்கம்மா.

"அந்த மிஸ் சொன்னதுல பாதி அப்பாவுக்கே வெளங்கல. சூப்புன்னாரு. நம்ம வீட்டுல ஒராளுக்காவது முழுசா வெளங்க வேணாமா?"

நான் வேடிக்கைக்காரன்தான், எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பேன். அன்றைக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

அங்கம்மா நானுஓயாவில் இறங்கி நுவரெலியா பஸ்ஸில் ஏறியதும் என்னிடம், "மாசத்துக்கு ஒரு ரூவா கூடப் போட்டுக்குங்க" என்றாள். எனக்கு விளங்கவில்லை. பெரிய மிஸ் முன்னால் போய் நின்றபிறகுதான் விளங்கியது.

"எம்புள்ள தமிழ் பேசுவா" என்றாள் அங்கம்மா. "மாசம் இருவது தடவ. அதுக்குக் காச அவ கையிலயே குடுத்து விடுவோம். அதுவும் பீஸுதான். அவள ஏசக் கூடாது."

மிஸ் "சரி" என்றார். சேர்க்கைக்குப் பத்து ரூபாயைக் கட்டினோம். நானாவிடம் டிரங்குப் பெட்டி பதினாலு ரூபாய்க்கு வாங்கினோம். "இப்ப வாங்கலாம்" என்றார் அவர். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

ஜனவரியில் கொண்டுபோய் விட்டோம். முதல் தவணைக்கு அறுபது சதுரக் காசு, சின்னப் பையில் போட்டு அங்கம்மா கொடுத்தாள். ஏப்ரல் லீவுக்குச் சரசு வந்தபோது பை அப்படியே கனமாக இருந்தது. அங்கம்மா எண்ணிப் பார்த்தாள். ஐம்பத்தேழு. எழுந்து அடுப்படிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைந்தாள். பிள்ளை நம் பாஷையை விட்டுவிட்டாள் என்று அவளுக்கு எண்ணம்.

சரசு பின்னாலேயே போனாள். "யம்மா, நாங்க நாலு பேரு தோட்டத்துப் புள்ளைங்க இருக்கோம். குளிக்கிற எடத்துல எல்லாக் குழாயையும் தொறந்து விட்டுட்டுப் பேசுவோம். வெளிய ஒண்ணுமே கேக்காது. காசு எதுக்கு?"

"அப்ப அந்த மூணு காசு?"

"மொத நாளு படுக்கையில 'அம்மா'ன்னு கூப்பிட்டேன். மூணு தடவ. மேட்ரன் வந்தாங்க. வலிக்குதான்னு கேட்டாங்க. இல்லன்னேன். காச வாங்கிக்கிட்டாங்க. பொறகு போத்தி விட்டாங்க."

அங்கம்மா களைந்த அரிசியையே திரும்பக் களைந்தாள். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது. நான் கோக்கியாக இருந்தும் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போது போகிறவர்களுக்கு என் புத்திமதி. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் விலை ஏறியிருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். கம்பளி எடுத்துப் போங்கள். பீஸ் தாளில் இருப்பதோடு நிறுத்தாமல், தாளில் இல்லாதது என்ன என்று வாய் திறந்து கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். டெபாசிட் கட்டினால் அந்த ரசீதுத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். எங்களுக்கு இருபத்தைந்து ரூபாயும் ஏழு வருஷம் கழித்துச் சுளையாகத் திரும்பி வந்தது. இரண்டு பாஷை என்று தாளில் எழுதுவது சுலபம், ஆகவே இடைவேளை மணி அடிக்கும்வரை நின்று பிள்ளைகள் எந்தப் பாஷையில் சண்டை போடுகிறார்கள் என்று காது கொடுங்கள். வாத்தியார் இருக்கிறாரா, நாற்காலி மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்பன்மார் தனியாகப் போகாதீர்கள், நாம் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவோம். பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள், முடிந்தால் வட்டகொடைக்கு முன்னாலேயே.

சரசு இப்போது கொழும்பில் ஒரு கம்பெனியில் டைப் அடிக்கிறாள். எங்களைக் கூட்டிப்போகிறேன் என்று எழுதுகிறாள். போவோம். ஆனால் ரயிலில் போகிற ஆட்களுக்கு நான் சொல்வது ஒன்று: அவசரப்படாதீர்கள். தேத்தண்ணி வாங்கிக் குடியுங்கள், ஜன்னல் ஓரத்தைப் பிள்ளைக்கு விடுங்கள், சுரங்கம் வந்தால் யார் கையையாவது பிடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்று பேராகப் போய் மூன்று பேராகவே திரும்பி வந்த பயணம் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு ஏழு வருஷமும், போகும்போது மூன்று டிக்கட், வரும்போது இரண்டு.