எழுத்தில்லாத நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்

1985இல் எட்மண்ட் சூசைநாதனுக்கு இருபத்தொன்பது வயது. சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் வீடு, ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராமர் வேலை. அந்த வேலைக்கு அப்போது இருந்த மவுசு சொல்லி மாளாது. ஞாயிறு பூசை முடிந்தால் பெண்ணைப் பெற்றவர்கள் கோயில் வாசலில் அவனை மடக்கிக்கொள்வார்கள். ஐயாவுக்குத் தலைக்கனமும் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

கம்பெனியின் பெரிய ஆபீஸ் தஞ்சோங் பகாரில். கம்ப்யூட்டர் பிரிவு மட்டும் தனியாக ராபின்சன் ரோட்டில். ஆகையால் எல்லாப் பேச்சும் டெலிபோனில்தான். காலையில் ரிசீவரை எடுத்தால், "குட் மார்னிங் தம்பி, யார் வேணும்?" என்று பிரிஜட்டின் குரல் வரும். பதினோரு வருஷமாக அங்கே ஆபரேட்டர். பேரைச் சொல்லி வாயை மூடுவதற்குள் லைன் கொடுத்துவிடுவார். மூன்று வருஷம் தினமும் பேசியும் அவன் ஒரு நாள்கூட அவரை நேரில் பார்த்ததில்லை.

அந்த வருஷம் டெலிபோன் நம்பர்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை அவனுக்கு வந்தது. முதலில் பிரிஜட்டிடம் விசாரித்தான், அதையும் டெலிபோனிலேயே.

"நம்பர எப்படிக்கா தேடுறீங்க?"

"கார்டுலதான் தம்பி. ஆளுக்கு ஒரு கார்டு, மொத்தம் நானூத்திப் பன்னெண்டு."

"டைப் அடிக்கத் தெரியுமா?"

"ஏன் தெரியாது? ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் நான்தான்."

இவ்வளவு போதும் என்று முடிவு கட்டிவிட்டான், படித்த மேதாவி! பேரைத் தட்டினால் பச்சை எழுத்தில் நம்பர் திரையில் வரும்படி புரோகிராம் எழுதினான். ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் அரை நாளோடு மூடிய பிறகு, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு தஞ்சோங் பகார் போனான். ஆபரேட்டர் அறையில் யாரும் இல்லை. மேசையை ஒழிக்க இழுப்பறையைத் திறந்தவன் அசந்து போனான். உள்ளே முழுக்கத் தடித்த அட்டைகள். ஒன்றிலாவது ஓர் எழுத்து? கிடையாது! ஈரத்தில் உப்பியதுபோல அங்கங்கே சின்னச் சின்னப் புடைப்புகள், அவ்வளவுதான். 'அலமாக், வெற்று அட்டையை வைத்து இப்படி இடத்தை அடைத்திருக்கிறார்களே' என்று தலையில் அடித்துக்கொண்டு, கீழே பழைய பேப்பர் எடுக்க வந்திருந்த காராங்குனிக்காரரிடம் மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டான்.

திங்கட்கிழமை காலை, பாராட்டு வாங்கலாமென்று எட்டு மணிக்கே போய் நின்றான். கதவு திறந்தது. முதலில் ஒரு வெள்ளைக் கம்பு உள்ளே வந்தது, அதற்குப் பிறகு நாற்பது வயதுப் பெண் ஒருவர்.

அட்டையில் இருந்த புடைப்புகள் பிரெயில் எழுத்து என்று எட்மண்டுக்கு அப்போதுதான் உறைத்தது.

பிரிஜட் நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, பழக்கத்தில் இழுப்பறைக்குள் கையை விட்டார். விரல்கள் அடிப்பலகையைத் தடவின. இந்த மூலை, அந்த மூலை. இன்னொரு முறை முதலிலிருந்து தடவினார்.

"என் கார்டெல்லாம் எங்க? யாரு அங்க நிக்கிறது?"

"நான்தான்... எட்மண்ட். வெறும் அட்டைன்னு நெனச்சு... தூக்கிப் போட்டுட்டேன்க்கா."

அவர் கையை நீட்டி, புதிதாக எதிரே இருந்த திரையைத் தொட்டார். வழவழவென்று கண்ணாடி. "எழுத்து இதுக்குள்ளயா இருக்கு?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து டெலிபோன் போர்டில் மூன்று அழைப்புகள் ஒன்றாக அலறின.

அன்று ஞாபகத்தை வைத்தே சமாளித்தார். பழையவர்கள் பேரெல்லாம் தலைக்குள் இருந்தன. புதிதாகச் சேர்ந்தவர்கள், இடம் மாறியவர்கள் விஷயத்தில்தான் தடுமாறினார். மத்தியானத்துக்குள் ஐந்து தப்பான லைன். புகார் மேலே போனது. ஆபீஸ் மேனேஜர் தில்லையம்பலம் அவரை அழைத்துப் பேசிவிட்டு, எட்மண்டிடம் வந்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி வரேல்லை எண்டால் கண் தெரிஞ்ச ஆளைத்தான் போட வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அட்டையை வீசியது யார் என்று அவர் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. வெட்கக்கேடு!

செவ்வாய்க்கிழமை புரோகிராமைப் பிரித்துப் போட்டான். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பேசத் தெரியாது, 'பீப்' என்று கத்த மட்டும் தெரியும். அது போதுமே! பிரிஜட் பேரைத் தட்டினால் நம்பரைக் கத்திக் காட்டும்படி மாற்றினான். 472 என்றால் நாலு பீப், இடைவெளி, ஏழு பீப், இடைவெளி, இரண்டு பீப். பூஜ்யத்துக்கு நீளமாக ஒன்று.

"மெதுவா கத்துது தம்பி. எனக்குப் பொறுமை இல்ல" என்றார் பிரிஜட். வேகத்தைக் கூட்டினான். "இன்னும்!" கூட்டினான். அவன் காதுக்கு வெறும் இரைச்சல். அவர் சரளமாக நம்பரைச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் இருவரும் பட்டியலைச் சரிபார்த்தார்கள். அவன் பார்த்து ஏற்றிய, கம்பெனி அச்சடித்த பட்டியலில் முப்பத்தொரு நம்பர் தப்பு! அத்தனையையும் தன் அட்டைகளில் திருத்தி வைத்திருந்தவர் பிரிஜட் மட்டும்தான். அதைத்தான் இந்தப் புண்ணியவான் மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறான். அவருக்கு மறந்துபோன புதிய பேர்களுக்கு, மாடி மாடியாக ஏறி ஒவ்வொருவரிடமும் நம்பர் கேட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை தில்லையம்பலம் பக்கத்தில் நின்று இருபது பேரின் நம்பர் கேட்டார். இருபதும் சரி.

"நல்லது. அவ இருக்கட்டும்" என்றவர், எட்மண்டின் தோளைத் தட்டினார். "அவட துணிச்சலைப் பாரும். உம்மட மெஷினை நம்பி, கார்ட் எல்லாத்தையும் எறியச் சொன்னதே தான்தான் எண்டு திங்கட்கிழமையே சொல்லிப்போட்டா."

எட்மண்ட் நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தான். திங்கட்கிழமை அந்த பீப் புரோகிராமே கிடையாது. அவன் கோழையாக வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த அம்மா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மேனேஜர் போனதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றதாம்?" பிரிஜட் ஹெட்போனைச் சரி செய்துகொண்டார். "உண்மையச் சொன்னா ஒன்ன அன்னைக்கே அனுப்பியிருப்பாங்க லா. அப்புறம் யாரு எனக்கு மெஷினச் சரி பண்ணித் தருவா? வர்றவனும் டெலிபோன்லதான் விசாரிப்பான்."

அதற்குப் பிறகு எட்மண்ட் எந்த ஆபீசுக்கு எந்த புரோகிராம் எழுதினாலும், முதலில் திரையை அணைத்துவிட்டுத்தான் சோதித்துப் பார்ப்பான். அதுவும் அதை உபயோகிக்கப் போகிறவரின் நாற்காலியில், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து.