தொட்டில் அறைக் கூரை

போன ஐப்பசியில், தலைப்பிரசவத்துக்காக ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள தாய் வீட்டுக்கு வந்திருந்தேன். வலி கண்டு பகல் முழுதும் போராடியும் பிள்ளை பிறக்காததால், வண்டியில் ஏற்றிப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சுகமாக ஆண் குழந்தை பிறந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். தாய்மார் நன்றாகத் தூங்க வேண்டும் என்று, பிள்ளைகளைத் தனியே தொட்டில் அறையில் வைத்திருப்பார்கள். மணி அடித்தால்தான் பால் கொடுக்கக் கொண்டுவருவார்கள். என் மகனோ அதற்குள் அழுது களைத்துத் தூங்கிப்போயிருப்பான். கன்னத்தைத் தட்டினாலும் வாய் திறக்க மாட்டான். எனக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. அவன் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. இப்படியே போனால் சங்கில் பசும்பால் புகட்ட வேண்டியதுதான் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தவள், சொன்னபடி நடந்தே பழகியவள். பிள்ளையை என் பக்கத்திலேயே விடச் சொல்லிக் கேட்டால் டாக்டரம்மா தவறாக நினைப்பார்களோ, கேட்காவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தவித்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஜவுளி வியாபாரி ஒருவரின் மனைவி, ஒரு முஸ்லிம் அக்கா, மூன்றாவது பிள்ளை பெற்றிருந்தார். "ஏட்டி, மணியடிச்சாச் சாப்பிட அவன் என்ன பள்ளிக்கூடத்துக்கா போறான்?" என்பார். சிரிப்பேன். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுவேன்.

ஒரு நாள் அடைமழை. ஓடு விலகித் தொட்டில் அறை ஒழுக ஆரம்பித்தது. நர்ஸ் பிள்ளைகளை அவசரமாகத் தூக்கி வந்து அவரவர் தாயின் பக்கத்தில் கிடத்தினாள். என் மகன் என் விலாவை ஒட்டிக் கிடந்தான். கொஞ்ச நேரத்தில், அழாமலே உதட்டைச் சப்புக்கொட்டினான். எடுத்து அணைத்ததும் மூக்கு அமுங்கப் பற்றிக்கொண்டு மடக்மடக்கென்று குடித்தான்.

"பாத்தியாட்டி, மூச்சு விடக்கூட மறந்துட்டான்" என்றார் அக்கா.

இரண்டு நாளில் மழை விட்டது. கொத்தனார் ஓடு மாற்றிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்து, பிள்ளைகளைப் பழையபடி கொண்டுபோகச் சொன்னார். நர்ஸ் என் மகனுக்காகக் கை நீட்டினாள். என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே, "அம்மா, கூரை இன்னும் காயலையே" என்று சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது.

"ஆமாம்மா, சொட்டுது" என்றார் அக்கா.

"அம்புட்டும் ஈரமால்ல கெடக்கு" என்றாள் எதிர்க் கட்டிலில் இருந்த மம்சாபுரத்துப் பெண். பிரசவம் ஆனதிலிருந்து அவள் கட்டிலை விட்டே இறங்கியதில்லை.

டாக்டரம்மா சீமையில் பிறந்த வெள்ளைக்காரர். புத்தகத் தமிழ்தான் பேசுவார். தொட்டில் அறைக்குப் போய்த் திரும்பினார். பால் குடித்துக்கொண்டிருந்த என் மகனை நின்று பார்த்தார்.

"நான் தரையைத் தொட்டுப் பார்த்தேன். மிகவும் ஈரமாக இருக்கிறது. நீங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போகும் வரையில் அது காயாது."

வார்டே சிரித்தது, நர்ஸ் உட்பட.

எதைக் கேட்பதற்கும் பத்துத் தரம் யோசிப்பவள்தான் நான், இன்றும். ஆனால் அவனுக்காகக் கேட்க வேண்டியதென்றால், நம் பொய்யைக் கூடச் சிரித்து ஏற்றுக்கொள்ளும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில், யோசனைக்கு முன்னே என் வாய் முந்திக்கொள்கிறது.