குதிகால் படாத வீடு

ஒரு குடும்பம் நகரத்தை விட்டுப் புறநகருக்குப் போனால், காற்றுக்காகப் போகிறது, மரத்துக்காகப் போகிறது என்று சொல்லிவிடுகிறீர்களே, போனவர்களை ஒருமுறையாவது துருவிக் கேட்டிருக்கிறீர்களா?

ஒரு லிஃப்ட் மெக்கானிக் கேட்டிருக்கிறார். அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்ப்பது தொழில். ஆட்களின் வாயைக் கிளறுவது பொழுதுபோக்கு. யாராவது வீட்டைக் காலிசெய்து கட்டிலையும் மெத்தையையும் லிஃப்டில் ஏற்றினால் விடமாட்டார்.

"ஏன் சார் அவ்ளோ தூரம் போறீங்க?"

"அங்க காத்து நல்லா இருக்கும்ப்பா."

ஒப்பித்தாற்போல் எல்லோரும் அதையே சொல்வார்கள். "அப்ப இத்தனை நாள் மூச்சைப் பிடிச்சுக்கிட்டா இருந்தாங்க?" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சிரிப்பார்.

அவருடைய நான்கு வயது மகள் சில மாதங்களாக நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தாள். குதிகால் தரையில் படுவதே இல்லை. அண்ணி வந்து பார்த்துவிட்டு, "போன ஜென்மத்துப் பாவம்" என்றார்.

"போன ஜென்மத்துக் கேஸுக்கு இந்த ஜென்மத்துல தீர்ப்பு சொல்ற ஜட்ஜ் யாரு அண்ணி? விலாசம் குடுங்க, நேர்ல போய்க் கேக்கறேன்" என்றவர், மகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போனார்.

மருத்துவர் காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். "காலு நல்லாத்தான் இருக்கு. ஏன் பாப்பா இப்படி நடக்கறே?"

குழந்தை குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கீழ் வீட்டு ஆன்ட்டி இடிப்பாங்க."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. மூன்றாம் மாடியில் வாடகை வீடு. குழந்தை ஓடினால் கீழ்வீட்டுக்காரம்மா ஒட்டடைக்கம்பால் கூரையை இடிப்பார். அன்றைக்கே வீட்டுக்காரரிடம் புகாரும் போகும். "பூனை மாதிரி நடம்மா" என்று பழக்கியது அவரும் மனைவியும்தான். சத்தமில்லாமல் நடந்தால் ஒரு முத்தம் வேறு. கட்டடத்தைக் கட்டியவன் தளத்தை அட்டைபோல் மெலிதாக ஊற்றிவிட்டுப் போய்விட்டான். அதற்கு அபராதம் கட்டியது ஒரு பிஞ்சுக் கால்.

"இப்படியே விட்டா தசை இறுகிடும். நல்லா ஓட விடுங்க" என்றார் மருத்துவர்.

எங்கே ஓடவிடுவது? புறநகரில் ஒரு தரைத்தள வீடு பார்க்கப் போனார்கள். வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

"கண்ணுக்கெட்டுன தூரம் ஒரு கடை இல்ல. காத்தாம் காத்து! சூளைப் புகைதான் வருது" என்று மனைவி முகத்தைச் சுளித்தார்.

மகள் வாசற்படியிலேயே நின்றாள்.

"அப்பா, இங்க கீழ யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா. மண்ணுதான்."

"மண்ணு திட்டாதா?"

"அதுக்கு வாயே கிடையாது."

ஒரு குதிகாலை மெல்ல இறக்கினாள். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். மறுகாலையும் பதித்தாள். பிறகு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தடதடவென்று ஓடினாள்.

"சாவியை வாங்கிடுங்க" என்றார் மனைவி.

எல்லோராலும் இப்படிக் கிளம்பிவிட முடியாது. எத்தனையோ மாடிகளில் குழந்தைகள் இன்னும் நுனிக்காலில்தான் இருக்கிறார்கள். உங்கள் தலைக்கு மேல் சின்னக் கால்கள் ஓடும் சத்தம் கேட்டால் கம்பைத் தேடாதீர்கள். மேல்வீட்டாரையும் அழைத்துக்கொண்டு, அந்தத் தளத்தைப் போட்டவனிடம் போய் நியாயம் கேளுங்கள்.